அறுபது வரை அந்தரத்தில்

ஏறு ஏறு ஏறு, ஏறிவிட்டது, தரையை விட்டு ஒரு சாண், இந்த ஒரு சாண்தான் ஆபத்து, அது கீழே அடிக்கிற காற்றே தரையில் பட்டுத் திரும்பி வந்து அதையே உலுக்குகிற உயரம், இங்கே நிறுத்தப் பார்த்தால் தள்ளாடித் தள்ளாடிக் கவிழும், வியாழக்கிழமை இரண்டு தடவை கவிழ்ந்தது, வெள்ளிக்கிழமை ஐந்து, நேற்று நாலு, இன்றைக்கு இதுவரை மூன்று, இன்னும் கொஞ்சம், இடது கட்டைவிரலே இன்னும் ஒரு நூல் மேலே, நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டால் காற்று சுத்தம், வந்துவிட்டது, அடேயப்பா வந்துவிட்டது, நிற்கிறது, இல்லை, நிற்கிறது என்று சொல்லக்கூடாது, நிற்கிற மாதிரி தெரிகிறது, உண்மையில் ஒவ்வொரு நொடியும் விழப் பார்த்து விழாமல் இருக்கிறது, என் இரண்டு கட்டைவிரல்களும் அதற்குத்தான் இந்தப் பாடு படுகின்றன. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு மஞ்சள் ஹெலிகாப்டர். மூக்கில் விரிசல், விரிசலுக்கு மேல் என் பெஞ்சுக்காரன் சென்னி ஒட்டிய பிளாஸ்திரி. என் கையில் ரிமோட், அதில் இடது குச்சி உயரத்துக்கும் மூக்கைத் திருப்புவதற்கும், வலது குச்சி முன்னே பின்னே பக்கவாட்டில் நகர்த்துவதற்கும். தரையில் நாலு மூலைக்கு நாலு எவர்சில்வர் ஜக்கு வைத்து ஒரு சதுரம் கட்டியிருக்கிறான். முதல் நாள் பேப்பர் கப் வைத்தான், ஹெலிகாப்டர் காற்றில் நாலும் கை கழுவும் இடம் வரைக்கும் உருண்டு போயின, நான் சிரித்தேன், அவன் சிரிக்கவில்லை, ஜக்கு எடுத்து வந்தான். உடுமலையில் ஆடி மாதம் வெளியே இதைப் பறக்க விட்டால் கேரளாவிலிருந்து வருகிற காற்று தாராபுரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். ஆனால் ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாததால் மண்டபம் காலி. மண்டபத்துக்கு மேனேஜர் சென்னியின் அப்பா நாச்சிமுத்து. ஆகவே மேசையெல்லாம் மடித்துச் சுவரோரம் அடுக்கி, ஃபேனெல்லாம் நிறுத்தி, ஜன்னலெல்லாம் சாத்தி, இந்த முந்நூறு பேர் சாப்பிடுகிற பந்தி ஹால் முழுக்க எங்கள் இரண்டு பேருக்கு. வெளியே காற்று ஷட்டரைப் பிடித்து ஆட்டுகிறது. உள்ளே ஒரு இலை அசையாது. உள்ளே என் நெற்றி வேர்வை மட்டும் அசைகிறது, புருவத்துக்கு வந்துவிட்டது, கண்ணுக்குள் இறங்கினால் நான் காலி.

"ஒண்ணு," என்றான் சென்னி. ஆரம்பித்துவிட்டான், சதுரத்துக்குள் வந்துவிட்டது என்று ஒத்துக்கொண்டுவிட்டான், ஒண்ணு, ஆஹா, அறுபதில் ஒன்று போய்விட்டது, இன்னும் ஐம்பத்தொன்பது, பேட்டரி தாங்குமா, ஒரு சார்ஜுக்கு ஏழு நிமிடம், அதில் ஐந்தை விழுந்து விழுந்தே தின்றுவிட்டேன், மிச்சம் இரண்டு, இரண்டு தாராளம், ஒரு நிமிடம் போதும், "ரெண்டு," போதும். விதி மூன்றே மூன்று, சென்னி வாட்ஸப்பில் எழுதி அனுப்பியது, மனப்பாடம். சதுரத்துக்கு மேலே அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தணும். வாயைத் திறக்கக் கூடாது. நான் எண்ணுவேன், அறுபது வந்தால் உன்னோடு பேசுவேன், வராவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து பெஞ்சு மாறிக்கொள்கிறேன். திங்கட்கிழமை என்றால் நாளைக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் ஒன் வரைக்கும் ஒரே பெஞ்சு. "மூணு." வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் அவன் எனக்குப் போட்ட தண்டனை என்று நான் முதலில் நினைத்தேன், வாய்தானே நான், விசாகன் என்று என் பேரைச் சொன்னால் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது, எல்லார் மாதிரியும் வாய்ஸ் பண்ற அந்தப் பையன் என்றால் வாட்ச்மேனுக்குக் கூடத் தெரியும். ஆனால் அது தண்டனை இல்லை, ஓட்டுவதற்கு டிப்ஸ். அதை வெள்ளிக்கிழமைதான் கண்டுபிடித்தேன். என் கோளாறு வாயில் இல்லை, கட்டைவிரலில். மனசுக்குள் ஹெட்மாஸ்டர் வந்து, "நில்லுய்யா! அசையாதே! என்ன தைரியம் இருந்தா என் முன்னாடியே ஆடுவே?" என்று ஹெலிகாப்டரை மிரட்டினார், அவ்வளவுதான், என் கட்டைவிரல் ஹெட்மாஸ்டர் கட்டைவிரலாகி, கனமாகி, குச்சியை ஒரே அழுத்து, ஹெலிகாப்டர் விர்ரென்று மேலே போய் ஃபேன் இறக்கையில் மோதி விழுந்தது. அடுத்து பொள்ளாச்சி பஸ் கண்டக்டர் வந்தார், "உள்ள போ உள்ள போ, படியில நிக்காத, போலாம் ரைட்," கண்டக்டர் வந்தால் சும்மா வருவாரா, பஸ் வளைகிற வளைவெல்லாம் இடுப்போடு வந்தது, ஹெலிகாப்டர் ஹால் முழுக்க சாய்ந்து சாய்ந்து பயணம் போய், ஆனி மாதக் கல்யாணத்தில் ஒட்டிவிட்டுப் போன தெர்மகோல் எழுத்தில் இடித்தது. குரல் என்றால் எல்லாரும் தொண்டை என்று நினைக்கிறார்கள். தொண்டை இல்லை. தோள், இடுப்பு, விரல், பல் இடுக்கில் இருக்கிற பாக்கு எல்லாம் சேர்ந்து ஆள் முழுசாக வந்து உட்கார்ந்த பிறகுதான் குரல் வரும். என் கையில் ரிமோட்டைக் கொடுத்தால் பதினாறு பேர் ஓட்டுவார்கள், விழாமல் என்ன செய்யும்?

"ஆறு. ஏழு." நன்றாக எண்ணுகிறான், தண்ணி மாதிரி எண்ணுகிறான், நானும் தண்ணி மாதிரி பிடித்திருக்கிறேன், வலது பக்கம் ஒரு நினைப்பு வந்தது அதற்கு, சாயப் போகிறது, சாயும் முன்னால் இடப்பக்கம் ஒரு தட்டு, போதும், திருப்பி நடுவுக்கு. நகர்ந்த பிறகு திருத்தினால் நேரமாகிவிடும். நகர நினைக்கும்போதே திருத்தணும். இது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, என் காது சொல்லிக் கொடுத்தது. கண்ணுக்கு அது இறங்குவது தெரிவதற்கு முன்னாலேயே சத்தம் இறங்கிவிடும், கொசுவையும் மிக்ஸியையும் சேர்த்து அரைத்த மாதிரி ஒரு ஸ்ருதி, அது அரைக்கால் கீழே போனால் விரல் அரைக்கால் மேலே போகணும். எத்தனை வருஷமாக மனுஷர் குரலைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டிருக்கிறேன், இன்றைக்கு அந்தக் காது எனக்குச் சோறு போடுகிறது. "எட்டு." போன மாதம் பதினைந்தாம் தேதி கல்வி வளர்ச்சி நாள் விழாவில் அந்தக் காதுக்கும் வாய்க்கும் எண்ணூறு பேர் கை தட்டினார்கள். ஹெட்மாஸ்டர் செய்தேன், கை தட்டல். கண்டக்டர், கை தட்டல். கேன்டீன் அக்கா, "சில்லறையா குடு சாமி, நோட்ட நீட்டாத," விசில். மண்டப முதலாளி கூட செய்தேன், அவர் யாரென்றே தெரியாதவனும் சிரித்தான். முடித்துவிட்டு இறங்கியிருக்கலாம். மைக் கையில் சூடாக இருந்தது. கை தட்டல் குறையக் குறைய உள்ளே ஏதோ, இன்னொன்று, இன்னொன்று, ஒரே ஒன்று, நான் யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை, சத்தியமாக இல்லை, தோள் தானாக இறங்கியது, தாடை தானாக இறுகியது, சென்னி வந்து உட்கார்ந்துவிட்டான். ப, க, ட எல்லாம் வார்த்தைக்கு முன்னால் வந்தால் அவன் நிற்பான், ஒரு எழுத்தின் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பான், கண் ஒரு பக்கம் போகும். அதைச் செய்தேன். எப்படிச் செய்தேன் என்று இங்கே செய்து காட்டப் போவதில்லை. அச்சு அசலாகச் செய்தேன், அதுதான் விஷயம். அன்றைக்கே பெரிய சிரிப்பு அதற்குத்தான். மூன்றாவது வரிசையில் சென்னியும் சிரித்தான். மேடையிலிருந்து பார்த்தேன், எல்லாரையும் விட ஒரு நொடி தாமதமாக ஆரம்பித்து, எல்லாரையும் விட ஒரு நொடி அதிகமாகச் சிரித்தான். அதற்கப்புறம் இன்றைக்கு வரைக்கும் இருபத்துமூன்று நாள், என்னிடம் வாய்விட்டு ஒரு வார்த்தை இல்லை.

"ஒம்பது." ஒன்பது, அடுத்தது, அடுத்தது என்ன, ஐயோ. ஐயோ, அடுத்தது பத்து. பத்து பதினொண்ணு பன்னெண்டு பதிமூணு, பத்தொம்பது வரைக்கும் வரிசையாகப் பத்து எண், பத்தும் ப. இது எனக்குத் தோன்றவே இல்லை, நாலு நாளாகப் பேட்டரியையும் காற்றையும் கணக்குப் போட்ட நான் இதை யோசிக்கவே இல்லை. சென்னி நின்றுவிட்டான். சதுரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறான், ஹெலிகாப்டருக்குக் கீழே அவன் சட்டைப் பட்டன் தெரிகிறது, அதற்கு மேலே பார்க்கப் பயம், பார்த்தால் மூக்கு திரும்பிவிடும். வரவில்லை. இன்னும் வரவில்லை. ஒரு நொடி, இரண்டு, ஷட்டர் தடதடக்கிறது, மூன்று. என் நாக்கு மேல் உதட்டுக்குக் கீழே பத்தை வைத்துக்கொண்டு தயாராக நிற்கிறது, சொல்லிவிடு விசாகா, பாவம்டா, பத்து, ஒரு சின்னப் பத்து. இதைத்தானே ஆறு வருஷமாகச் செய்தேன்? கேன்டீனில் அவன் ப என்று வாயைக் கூட்டும்போதே நான், "அக்கா, பப்ஸ் ரெண்டு!" எல்லாரும் சொன்னார்கள், விசாகன் எவ்வளவு நல்ல ஃப்ரெண்டு. ஒன்பதாம் வகுப்பு முடியும்போது ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னான், "எனக்கு பப்ஸ் பிடிக்காதுடா. நான் கேக்க வந்தது பன்னு." ஒரு வருஷம் முழுக்க பப்ஸ் தின்றிருக்கிறான்! நான் அதையும் ஒரு ஜோக்காக ஊருக்கெல்லாம் சொன்னேன், இரண்டு குரலிலும் சொன்னேன். வாயை மூடு. பல்லைக் கடி. ஸ்ருதி இறங்குகிறது, தூக்கு, அப்படித்தான், பிடி, அவன் அங்கே பிடித்துக்கொண்டு நிற்கிறான், நீ இங்கே பிடித்துக்கொண்டு நில். "பத்து," என்றான். வந்துவிட்டது! உள்ளுக்குள் குதித்தேன், விரல் குதிக்கவில்லை, விரலுக்குக் கோயில் கட்டலாம். அடுத்தது பதினொண்ணு, மறுபடி வாசல். சட்டைப்பையில் செல்போன் இருக்கிறது, ஸ்டாப்வாட்ச் இருக்கிறது, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், ஆனாலும் நான் எண்ணுவேன் என்று எழுதினான். இந்தப் பத்து எண்ணும் வழியில் உட்கார்ந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினான். வாய்விட்டு எண்ணுவதற்கு என் எதிரிலேயே வந்து நிற்கிறான், எண்ணூறு பேருக்கு அவன் வாயைச் செய்து காட்டியவன் எதிரில். எனக்குப் பெருமையாக இருக்கிறது, ரோமமெல்லாம் எழுந்து நிற்கிறது, டேய் சென்னி, வாடா, வா, எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள், நான் இதை இறக்க மாட்டேன். "பதினொண்ணு." "பன்னெண்டு," அது சட்டென்று வந்தது, அவனே ஆச்சரியப்பட்டிருப்பான். பதிமூணு ரொம்ப நேரம். அவ்வளவு நேரம் ஒரே எழுத்தின் மேல் நிற்பது என்றால் சும்மா நிற்பதா? இப்போதுதான் தெரிகிறது, என் கட்டைவிரல் நொடிக்கு நாலு தடவை திருத்துவது யார் கண்ணுக்கும் தெரியாது, பார்க்கிறவனுக்கு இது சும்மா தொங்குகிறது. அன்றைக்கு மேடையில் நான் செய்தது தொங்கியதை மட்டும்தான். உள்ளே நடந்ததில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அச்சு அசலாம்!

"பத்தொம்பது," என்றான், அப்புறம் ஒரே மூச்சில், "இருவது இருவத்தொண்ணு இருவத்திரெண்டு," சறுக்கு மரத்தில் இறங்குகிற மாதிரி, வேகமாக, ரொம்ப வேகமாக, எனக்குக் கடன் அடைக்கிறானா, டேய் மெதுவாக எண்ணு, எனக்கு ஓசி வேண்டாம். அதற்குள் ஹெலிகாப்டருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது, மூக்கு மெல்லத் திரும்புகிறது, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது, வாசல் கதவைப் பார்த்தது, திருப்பித் தள்ளு என்று நினைப்பதற்குள் என்னையே பார்த்துவிட்டது, முகத்துக்கு முகம், பிளாஸ்திரி ஒட்டிய மூக்கோடு. இதுதான் எல்லாரும் சாகிற இடம். அது என்னைப் பார்த்தால் அதன் இடம் என் வலம், என் வலம் அதன் இடம், இடப்பக்கம் சாய்கிறது என்று வலப்பக்கம் தள்ளினால் இன்னும் சாய்ந்து விழும். காலையில் இரண்டாவது தடவை விழுந்தது இப்படித்தான். யோசித்தால் போச்சு. யோசிக்காதே. எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே குச்சி, விழுகிறவனுக்குத் தோள் கொடுக்கிற மாதிரி, அந்தப் பக்கமே, அந்தப் பக்கமே, அட, நிற்கிறது! என் எதிரில் நிற்கிற எதையும் நான் செய்வேன் ஐயா, கண்ணாடி மாதிரி செய்வேன், அவன் வலக்கை தூக்கினால் என் இடக்கை தானாகத் தூக்கும், ஆறு வயதிலிருந்து இதுதானே பிழைப்பு! "முப்பத்தி நாலு." ஹெலிகாப்டரும் நானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு. குரல்கள் வருகின்றன, உள்ளே வரிசை கட்டுகின்றன, ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமுகிறார், கண்டக்டர் விசிலை எடுக்கிறார், ஐயா பெரியவர்களே, இன்றைக்கு ஹவுஸ் ஃபுல், வெளியே நில்லுங்கள். மன்னிப்புக் கேட்கக் கூட நான் இவர்களைத்தான் அனுப்பினேன், எவ்வளவு பெரிய அறிவாளி நான். ஹெட்மாஸ்டர் குரலில் ஒரு வாய்ஸ் மெசேஜ், "நடந்த சம்பவத்துக்கு நிர்வாகம் வருந்துகிறது." கண்டக்டர் குரலில் ஒன்று, "மன்னிப்பு மன்னிப்பு மன்னிப்பு, ரெண்டு சீட்டு காலி, ஏறு தம்பி." கேன்டீன் அக்கா, செய்தி வாசிக்கிறவர், அழுகிற சீரியல் மாமியார், மொத்தம் பதினொன்று. எல்லாவற்றையும் கேட்டான், நீல டிக் விழுந்தது. பதினோராவதுக்கு அப்புறம் எழுத்தில் ஒரு பதில் வந்தது. 'பதினோரு பேரு மன்னிப்பு கேட்டுட்டாங்க. நீ எப்ப கேப்ப?' அதைப் படித்துவிட்டு என் சொந்தக் குரலில் ஒன்று பேசிப் பதிவு செய்து கேட்டேன். யாரோ தெரியாத பையன் மாதிரி இருந்தது, அழித்துவிட்டேன். அதற்கடுத்துதான் இந்த ஹெலிகாப்டர் விதி வந்தது.

"நாப்பது." கதவு திறந்தது. திறக்கிற சத்தத்திலேயே தெரியும், நாச்சிமுத்து அங்கிள், சென்னியின் அப்பா, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு இருமல். "ஏஞ்சாமி, இப்புடி வேர்வையில குளிச்சிட்டு நிக்கறீங்களே, ஃபேனப் போட்டுக்கறதுக்கு என்ன?" கை சுவிட்ச் போர்டுக்குப் போகிறது, ஓரக்கண்ணில் தெரிகிறது, நல்ல மனுஷர், அன்பான மனுஷர், அந்த அன்பு ஒரு சுவிட்சைத் தொட்டால் பன்னிரண்டு ஃபேன், ஹெலிகாப்டர் அப்பளம். கத்தணும். ஒரே ஒரு வார்த்தை. வார்த்தை கூட வேண்டாம், மண்டப முதலாளி குரலில், "நாச்சிமுத்து!" என்றால் போதும், மனுஷர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், போன தீபாவளிக்கு அப்படித்தான் போன் பண்ணி, "ஏனுங் நாச்சிமுத்து, பந்தி ஹால்ல லைட்டு எரியுதாமே?" என்று மூன்று மாடி ஓட வைத்தேன். முதலாளி என் தொண்டைக்கு வந்துவிட்டார், வெற்றிலைச் சாற்றோடு வந்து உட்கார்ந்துவிட்டார், என் கட்டைவிரல் மோதிரம் போட்ட விரலாகத் தடிக்கிறது, ஹெலிகாப்டர் ஒரு முழம் எழும்புகிறது, போ, இறங்கு, போய்யா வெளியே, விழுங்கினேன், முதலாளியை முழுசாக விழுங்கினேன், கண்ணில் தண்ணீர் வந்தது. "நாப்பத்தி ஒண்ணு அப்பா ஃபேன் வேண்டாம் நாப்பத்தி ரெண்டு," என்றான் சென்னி, ஒரு தடங்கலும் இல்லாமல், ஒரே மூச்சில், அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். அங்கிள் சுவிட்சிலிருந்து கையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "என்னடா, மந்திரமா சொல்றீங்க?" என்று முணுமுணுத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். அவரும் மேலே பார்க்கிறார். மூன்று பேர் ஒரு பிளாஸ்திரியைப் பார்க்கிறோம்.

"அம்பது," என்றான், அப்போது சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது, ஹெலிகாப்டரின் வயிற்றில், பேட்டரி முடியப் போகிறது, ஸ்ருதி இறங்குகிறது, நான் தூக்கினால் கொஞ்சம் ஏறி மறுபடி இறங்குகிறது, ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு, குச்சி பாதியைத் தாண்டிவிட்டது, என் நெஞ்சு உயரத்திலிருந்து வயிற்று உயரம், பரவாயில்லை, சதுரத்துக்குள்தான் இருக்கிறது, ஒரே இடம்தான், உயரம் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை, "அம்பத்தி ஆறு," கண்ணில் வேர்வை இறங்கிவிட்டது, ஒரு கண்ணால் பார்க்கிறேன், அந்த ஒரு கண்ணால் முதல் தடவையாகச் சட்டைப் பட்டனுக்கு மேலே பார்த்துவிட்டேன், அவன் ஹெலிகாப்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறான், "அம்பத்தி எட்டு," முழங்கால் உயரம், குச்சியை முக்கால் தள்ளியாகிவிட்டது, "அம்பத்தொம்பது." அடுத்தது அறுபது. அ. அவன் எந்தக் காலத்திலும் நிற்காத எழுத்து. நிற்கிறான். ஒரு நொடி. இரண்டு நொடி. தாடை இறுகவில்லை. கண் ஒரு பக்கம் போகவில்லை. இது அந்த மாதிரி நிற்பது இல்லை. இது, அடப்பாவி, இவன் சொல்ல மாட்டேன் என்கிறான்! உதட்டோரம் கோணுகிறது, கையைக் கட்டிக்கொள்கிறான், சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறான், கொட்டாவி விடுகிறான், எனக்கே ஆட்டம் காட்டுகிறான், எனக்கே! நான் ஹெட்மாஸ்டருக்குக் காட்டியதை, கண்டக்டருக்குக் காட்டியதை, இவன் அப்பாவை மூன்று மாடி ஓடவிட்டதை எல்லாம் சேர்த்து வட்டியோடு, சிரிப்பு வருகிறது, வயிற்றிலிருந்து கிளம்பி மூக்கு வழியாக வருகிறது, வாய் திறக்கவில்லை, குச்சி சிரிக்கிறது, ஹெலிகாப்டர் சிரிக்கிறது, ஒரு சாண், அந்தப் பாழாய்ப்போன ஒரு சாண் உயரம், தள்ளாடுகிறது, தோள் கொடு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், குச்சி கடைசி வரைக்கும் போய்விட்டது, இனி மேலே இடமில்லை. "ஏண்டா," என்றான் சென்னி. என்னிடம். இருபத்துமூன்று நாளுக்கு அப்புறம், என்னிடம், நிதானமாக, "அம்பத்தொம்பதுக்கு அப்புறம் என்னடா வரும்? மறந்துபோச்சு, நீ கொஞ்சம் சொல்லேன்." அவன் கேட்டது என் நாக்கின் நுனியிலேயே இருக்கிறது, உதட்டை இரண்டு வரிசைப் பல்லாலும் கடித்துக்கொண்டு தலையை ஆட்டுகிறேன், இல்லை, மாட்டேன், நீயேதான் சொல்லணும், கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராக ஊற்றுகிறது, நாலு விரல், மூன்று விரல், இன்னும் தரையைத் தொடவில்லை, எடுத்துக்கொள்ளடா, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், இன்னும் தொடவில்லை.